வாஷிங் மெஷின் மோட்டாரில் ஓடும் உப்புத்தாள் தட்டு

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒவ்வொன்றிலும் இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன: துவைக்க ஒன்று, பிழிய ஒன்று. தொட்டியில் விரிசல் விழுந்தோ, கியர் பெட்டி தேய்ந்தோ, அடித்தகடு துருப்பிடித்தோ மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாளில், அந்த இரண்டு மோட்டார்களும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் கடையில் அவற்றுக்கு எடை மட்டும்தான் மதிப்பு. சுத்தியலால் உடைத்து, வைண்டிங்கை அறுத்து, செம்பை ஒரு பக்கமும் இரும்புத் தகடுகளை ஒரு பக்கமும் போட்டுவிடுவார்கள். இதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. கோவை உக்கடத்தில் ஒரு கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, உடைபடும் முன்பே ஒரு மெஷினின் இரண்டு மோட்டார்களையும் அவற்றின் கண்டென்சர், புல்லி, பெல்ட், ரப்பர் புஷ், டைமர்களோடு சேர்த்து 600 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் துவைக்கும் மோட்டார் இப்போது 200 மி.மீ. விட்டமுள்ள ஓர் உப்புத்தாள் தட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.

தட்டு எதற்கென்று சொல்லிவிடுகிறேன். மரப்பட்டறைகளில் மீந்துபோகும் பூவரசு, வேம்பு, தேக்குத் துண்டுகளில் குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகள் செய்கிறேன். கட்டையின் நீள முகங்களை இழைப்புளி அழகாகச் சமன் செய்துவிடும். குறுக்கு முகம்தான் தொல்லை. நார்கள் வெட்டுப்பட்டு நிற்கும் அந்த முகத்தில் இழைப்புளியை ஓட்டினால், கடைசி ஓரத்தில் சிம்பு பெயர்ந்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் கட்டையில் ஒரு சிம்பு போனால் கட்டையே போயிற்று. உப்புத்தாளை மேசையில் விரித்துக் கையால் தேய்த்தாலோ, முகம் மெல்ல உருண்டு, மூலைமட்டத்தை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். ஆட்டமில்லாமல் சுழலும் ஒரு தட்டும், அதற்குச் செங்குத்தாக ஒரு மேடையும் இருந்தால் இந்த வேலை ஒரு கட்டைக்குச் சில நொடிகளில் முடிந்துவிடும்.

பழைய மோட்டாரை வேறு வேலைக்கு எடுக்கும்போது நான் விடாமல் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. அந்த மோட்டார் இதுவரை எப்படிப்பட்ட பாரத்தைத் தாங்கியதோ, அதே பாரத்தைத்தான் புதிய இடத்திலும் கொடுக்க வேண்டும். கருவியின் பெயர் மாறலாம். மோட்டாரின் பிழைப்பு மாறக்கூடாது. பலரும் முதலில் கைவைப்பது மிக்ஸி மோட்டாரில். அது சீரிஸ் மோட்டார். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றையும் தாண்டும். பாரம் ஏறினால் வேகம் விழும், பாரம் விலகினால் சீறிப் பாயும். கார்பன் பிரஷ்ஷிலிருந்து தீப்பொறி வேறு. மெல்லிய மரத்தூள் பறக்கும் இடத்தில் அதை நான் வைக்க மாட்டேன். மேசை மின்விசிறி மோட்டார் இதற்கு நேர்மாறு. தட்டில் கட்டையை அழுத்திய உடனே நின்றுவிடும்.

துவைக்கும் மோட்டார் இண்டக்‌ஷன் வகை. நான்கு துருவங்கள், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும், உள்ளே சுழலும் பாகமான ரோட்டார் அதற்குச் சற்றுப் பின்தங்கி ஓடும். என்னுடையதில் ஒட்டியிருந்த தகட்டில் 230 வோல்ட், 120 வாட், 1350 சுற்று, 10 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. பாரம் ஏறினாலும் வேகம் அதிகம் குறையாது. பிரஷ் இல்லை, தீப்பொறி இல்லை. அதைவிட முக்கியம் அதன் பழக்கங்கள். பிறந்த நாளிலிருந்து அது பெல்ட்டின் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கி வந்திருக்கிறது. இரண்டு திசையிலும் ஓடிப் பழகியிருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடும்படி உருவானது. மணிக்கணக்கில் தொடர்ந்து ஓட உருவானதல்ல. ஷாஃப்ட்டை நுனியிலிருந்து உள்நோக்கி யாரும் தள்ளியதே இல்லை. கருவியின் வடிவத்தை இந்த நான்கும்தான் தீர்மானித்தன.

வாங்கி வந்ததும் மல்டிமீட்டர். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர்கள் வருகின்றன. நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அவற்றை நம்பக்கூடாது. இரண்டிரண்டாகச் சேர்த்து ஓம் அளந்தேன்: 21, 21, 42. அதிகமாகக் காட்டும் ஜோடியை ஒதுக்கினால் மிஞ்சும் ஒயர்தான் பொது. பொது ஒயரிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக வந்தால், அது துவைக்கும் மோட்டார். இரண்டு சுருள்களும் ஒரே மாதிரி சுற்றப்பட்டிருப்பதால்தான் அது இரு திசையிலும் ஒரே பலத்தோடு ஓடுகிறது. பிழியும் மோட்டாரில் அளவுகள் சமமாக இராது. அதன் கண்டென்சரும் சிறியது.

நியூட்ரல் பொது ஒயருக்கு. கண்டென்சர் மற்ற இரண்டு ஒயர்களுக்கும் நடுவில். ஃபேஸை கண்டென்சரின் இந்த முனையில் கொடுத்தால் ஒரு திசை, அந்த முனையில் கொடுத்தால் மறுதிசை. முழு ரகசியமும் அவ்வளவுதான்.

கண்டென்சரைத் தனியாகவும் அளக்க வேண்டும். 10 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்த என்னுடையது 7.6 காட்டியது. இப்படி வயதான கண்டென்சரோடு மோட்டார் ஓடும். ஆனால் புறப்படும்போது முனகும், பலம் குறைந்திருக்கும், சூடு கூடும். மோட்டார் போய்விட்டது என்று மெஷினையே கைகழுவும் வீடுகளில் பல நேரம் போயிருப்பது இதுதான். அதே அளவில், 440 வோல்ட் ஏசி தாங்கும் புதியது ஒன்றைப் போட்டேன். ஒயரை வெட்டிக் கழற்றிய கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். முனைகளைக் கையால் தொடுவதற்கு முன் ஒரு குண்டு பல்பின் வழியாக அதை வடித்துவிட வேண்டும்.

அடுத்து இன்சுலேஷன். துவைக்கும் மோட்டார் தொட்டிக்கு அடியிலேயே இருப்பதால், சீல் கசிந்தால் தண்ணீர் நேராக அதன்மேல்தான் சொட்டும். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரைச் செய்துகாட்டிய ஊர் கோவை; ரீவைண்டிங் கடை இல்லாத வட்டாரம் இங்கே அரிது. அப்படி ஒரு கடையில் இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து, சுருளுக்கும் உடலுக்கும் இடையே அளந்து தந்தார்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்த மோட்டாரைத் தொடவே கூடாது. என்னுடையது மூன்று காட்டியது. பாதகமில்லை, ஆனால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஓர் அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு இரவு முழுவதும் வைத்து, சூடு ஆறிய பின் மறுபடி அளந்தபோது முள் நூறைத் தாண்டி நின்றது. பிறகு வைண்டிங்கின் மேல் ஒரு பூச்சு இன்சுலேஷன் வார்னிஷ்.

முதல் ஓட்டம் எப்போதும் சீரிஸ் லாம்ப் வழியாகத்தான். 200 வாட் பல்பு ஒன்றை ஃபேஸ் பாதையில் மாட்டி, பிளக்கைப் போட்டால், சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஃபியூஸ் போகாது, கையும் சுடாது. மங்கலாக எரிந்து மோட்டார் மெல்ல நகர்ந்தால் நல்லது. என்னுடையது நகர்ந்தது. நேரடி மின்சாரத்தில் போட்டதும் சத்தமில்லாமல் ஓடியது.

தட்டை நேராக மோட்டார் ஷாஃப்ட்டிலேயே மாட்டிவிட்டால் வேலை பாதி மிச்சம் என்று தோன்றும். இந்த மோட்டாருக்கு அது சரிவராது. கட்டையை அழுத்தும்போது தட்டு பின்னோக்கித் தள்ளப்படும். அந்தத் தள்ளல் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் போய் உள்ளேயிருக்கும் சிறிய வாஷரில் முட்டும். அந்த வாஷர் அதற்காக வைக்கப்பட்டதல்ல. கொஞ்ச காலத்தில் தேய்ந்து, ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். ஆடும் தட்டில் நேர்முகம் வராது. தவிர, தட்டிலிருந்து கிளம்பும் தூள் அத்தனையும் திறந்த வைண்டிங்குக்குள் போகும். ஆகவே மோட்டார் கீழே, தட்டு மேலே, நடுவில் பெல்ட். 20 மி.மீ. ஷாஃப்ட் ஒன்று, அதைத் தாங்க, சட்டத்தில் முடுக்கும் கூட்டோடு வரும் இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங்குகள். கட்டையின் தள்ளலை அந்த பேரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. மோட்டாருக்குத் தெரிவதெல்லாம் பெல்ட்டின் இழுப்பு மட்டும். மேலே சுழல்வது துணியா தட்டா என்பது அதற்குத் தெரியாது.

ஒரே ஒரு மாற்றத்தைத் தவிர்க்க முடியவில்லை. மெஷினில் ஷாஃப்ட் கீழ்நோக்கிச் செங்குத்தாக நின்ற மோட்டாரை இங்கே படுக்கவைத்தாக வேண்டும். ரோட்டாரின் எடை இப்போது, மோட்டாருக்குள் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷின்மேல் அமரும். அந்த எடை பெல்ட்டின் இழுப்போடு ஒப்பிட்டால் சிறியதுதான் என்பதால் துணிந்தேன். படுக்கவைக்கும் முன் இரு பக்கப் புஷ்களின் ஃபெல்ட் வளையங்களிலும் தையல் மெஷின் எண்ணெயைச் சில சொட்டுகள் ஊற விட்டேன்.

வேகக் கணக்குக்கு வருகிறேன். மோட்டார் புல்லி இரண்டு அங்குலம். மேலே மூன்று அங்குலம் போட்டால் 1350 சுற்று 900 ஆகும். 200 மி.மீ. தட்டின் விளிம்பு அப்போது நொடிக்கு ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். கடையில் விற்கும் இயந்திரங்களை ஒப்பிட்டால் இது நிதானமான வேகம். ஆனால் 120 வாட்டுக்கு இந்த நிதானம் தேவை. வேகத்தைக் குறைத்த அளவுக்கு முறுக்குவிசை கூடுகிறது. தட்டின் மையத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான இழுவிசை கிடைக்கிறது. நேரடியாக 1350இல் ஓட்டியிருந்தால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டுவதே பெரிது. மெதுவாக ஓடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. குறுக்கு முகம் சீக்கிரம் கருகும் இயல்புடையது. தேக்கில் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தாளை அடைத்துக்கொள்ளும். 900 சுற்றில் கருகல் தென்படவில்லை.

தட்டுக்கு பிளைவுட் எடுக்கலாம். ஆனால் ஐப்பசி மழையில் அது எப்படி வளையும் என்று யாராலும் சொல்ல முடியாது. 10 மி.மீ. அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டிக்கொண்டு, அதை ஷாஃப்ட்டோடு இணைக்க நடுவில் பொருத்தும் இரும்பு ஃபிளேஞ்சோடு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஷாஃப்ட் எங்கே தம்பி?”

“வீட்டில் இருக்கிறது அண்ணா. தட்டை மட்டும் கடைந்து கொடுத்தால் நானே மாட்டிக்கொள்வேன்.”

“தட்டைத் தனியாகப் பிடித்து முகம் எடுத்தால், மாட்டும்போது ஆட்டம் வந்துவிடும். ஷாஃப்டைக் கொண்டுவாருங்கள். ஃபிளேஞ்சை ஏற்றி, தட்டை முடுக்கி, ஒரே பிடிப்பில் முகம் எடுத்துத் தருகிறேன். அப்புறம் அதைக் கழற்றவே கழற்றாதீர்கள்.”

அப்படியே செய்தார். தன் ஷாஃப்ட்டோடு சேர்ந்து கடையப்பட்ட தட்டுக்கு வேறு சமன் தேவைப்படவில்லை. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்தபோது விளிம்பில் முள் மயிரிழைகூட அசையவில்லை. மூன்று அங்குலப் புல்லியையும் அவரே அலுமினியத்தில் கடைந்தார். வாஷிங் மெஷின் பெல்ட் கடையில் கிடைக்கும் ‘ஏ’ வகை பெல்ட்டைவிடக் குறுகலானது. அதனால் பழைய புல்லியைக் கூடவே கொடுத்து, அதன் பள்ளத்தின் அளவையே புதியதிலும் எடுக்கச் சொன்னேன். தட்டு நான்கு திருகுகளால் ஃபிளேஞ்சில் நிற்கிறது, ஃபிளேஞ்ச், இடையில் செருகும் உலோகத் துண்டான சாவி போட்டு ஷாஃப்ட்டில் நிற்கிறது. சுற்றும் திசையால் தளரக்கூடிய நட்டு எதுவும் இல்லை. இரு திசையிலும் ஓட்டப்போகிற கருவிக்கு இது கட்டாயம்.

சட்டம் 40 மி.மீ. எல்-ஆங்கிளில் பற்றவைத்தது, அதைப் பற்றி விரிக்க எதுவும் இல்லை. மோட்டாரின் கால்களுக்கு மெஷினில் இருந்த ரப்பர் புஷ்களையே போட்டேன். கால் துளைகளை நீள்துளைகளாக வெட்டியிருப்பதால், மோட்டாரைக் கீழே இழுத்து பெல்ட்டை இறுக்கலாம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டாருக்குள் இருக்கும் புஷ் தேயும்.

மின்பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பிழியும் பக்கத்து டைமர். துவைக்கும் டைமர் உள்ளே இருக்கும் கேம்களால் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கும். கட்டையைப் பிடித்திருக்கும்போது தட்டு தானாகத் திரும்பினால் ஆபத்து, அதைத் தொடவில்லை. பிழியும் டைமர் எளிமையானது: சுருள்வில்லால் ஓடும், அதிகபட்சம் ஐந்து நிமிடம், பிறகு தானாக அணைத்துவிடும். ஃபேஸ் முதலில் அதன் வழியாகப் போகிறது. அதையடுத்து, முழங்காலால் தட்டினாலும் நிறுத்தும்படி ஒரு சிவப்புக் காளான் பொத்தான். கடைசியில், நடுவில் ‘ஆஃப்’ உள்ள திசை மாற்றும் சுவிட்ச். தட்டு முழுவதும் நின்ற பிறகே திசையை மாற்ற வேண்டும். மின்சாரம் போய் வந்தாலும் டைமர் தன்பாட்டுக்கு ஓடி முடிந்துவிடுவதால், ஆளில்லாத பட்டறையில் தட்டு நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்காது. பிழியும் தொட்டியின் மூடி சுவிட்சையும் விடவில்லை. பெல்ட் உறையைத் திறந்தால் மோட்டார் நிற்கும்படி அதைப் பொருத்தினேன்.

மெஷினில் உடல் பிளாஸ்டிக். இங்கே சட்டம் முழுவதும் இரும்பு. மோட்டார் உடல், சட்டம் இரண்டையும் எர்த் ஒயரால் இணைத்து, மூன்று முனை பிளக்கில் கொண்டுவந்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில்தான் ஓட்டுகிறேன். இதில் எவருக்கும் சலுகை கூடாது.

ஐந்து நிமிட டைமருக்கு இன்னொரு காரணம் உண்டு; இதைப் பலர் கவனிப்பதில்லை. பாரம் இல்லாமல் ஓடினால் மோட்டார் ஓய்வாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். கண்டென்சர் எப்போதும் இணைப்பில் இருக்கும் இந்த வகை மோட்டாரில் அது உண்மையல்ல. கண்டென்சரின் அளவு, பாரத்தோடு ஓடும்போது இரு சுருள்களும் சமநிலைக்கு வரும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. பாரம் விலகினால் அந்தச் சமநிலை கெட்டு, சுருள்களில் வீண் மின்னோட்டம் சுழலும். கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன்: கட்டையை அழுத்தும்போது 1.4 ஆம்பியர், சும்மா ஓடும்போது 1.2. உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் ஏறக்குறைய அதே சூடு. எனவே கட்டைகளை முதலில் வரிசையாக எடுத்துவைத்துவிட்டுத்தான் டைமரைத் திருகுகிறேன். முடிந்ததும் பொத்தானை அழுத்திவிடுகிறேன். இப்படி விட்டு விட்டு ஓட்டும்போது மோட்டார் உடலின் சூடு 60 டிகிரியைத் தாண்டவில்லை.

மேடை 12 மி.மீ. பிளைவுட், மேலே ஃபார்மைக்கா. உயரம் தட்டின் மையத்துக்குச் சற்றுக் கீழே. தட்டுக்கும் மேடைக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்; அதற்கு மேல் விட்டால் சிறு துண்டு உள்ளே இழுபடும். தட்டின் எந்தப் பாதி கீழ்நோக்கிப் போகிறதோ அந்தப் பாதியில்தான் கட்டையை வைக்க வேண்டும். அது கட்டையை மேடையோடு அழுத்திப் பிடிக்கும். மறுபாதி தூக்கி எறியும். இடஞ்சுழியாக ஓடும்போது இடப்பாதி கீழே போகும். என் தங்கைக்கு இடக்கைப் பழக்கம். அவள் சுவிட்சை மறுபுறம் தள்ளிவிட்டு வலப்பாதியில் வேலை செய்கிறாள். திசையை மாற்றும்போது மழுங்கியது போலிருக்கும் தாளின் மணல் மறுபக்கத்திலிருந்து கடிக்கத் தொடங்குவதால், ஒரே தாள் கூடுதலாக உழைக்கிறது. கடையில் வாங்கும் சிறிய டிஸ்க் சாண்டர்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடும்.

தாள் விஷயத்தில் வெல்க்ரோ வேண்டாம். அதன் மெத்தை அழுங்கி, கட்டையின் ஓரங்களை உருட்டிவிடும். பின்புறம் பசையுள்ள தாள்தான் அலுமினியத்தில் கண்ணாடிபோல் படிந்து நிற்கும். சமன் செய்ய 80, முடிக்க 120. மாற்றும்போது தலைமுடி உலர்த்தியால் சூடேற்றினால் தாள் முழுசாக உரிந்து வரும். மிஞ்சும் பசையைத் தின்னர் துணியால், மோட்டார் ஓடாதபோது, வெளிக்காற்றில் துடைத்தெடுக்க வேண்டும்.

மரத்தூளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூளை வைத்திருக்கிறது. வேப்பந்தூள் தொண்டையில் இறங்கும் கசப்பு வேறு. தட்டின் கீழ்ப்பாதியைத் தகரப் பெட்டியால் மூடி, அதன் அடியில் வேக்யூம் கிளீனர் குழாய் நுழையும்படி ஒரு பி.வி.சி. துண்டு பொருத்தியிருக்கிறேன். அதோடு என்-95 முகக்கவசமும் கண்ணாடியும். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. மோட்டார் அறையின் அடிப்பக்கம் காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. முழுவதும் மூடினால் தூள் வராது, ஆனால் வைண்டிங் வெந்துவிடும். அவ்வப்போது பெல்ட் உறையைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் வைண்டிங்கைத் தட்டிவிடுகிறேன்.

பிழியும் மோட்டார் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அது பெல்ட் அறியாதது. ஈரத் துணியோடு கூடிய கூடையின் எடையை ஷாஃப்ட்டின் உச்சியில் நேராகத் தாங்கி, ஒரே திசையில் ஓடிப் பழகியது. அதைப் படுக்கவைக்க மாட்டேன். நிமிர்ந்த நிலையிலேயே, மூன்று ஸ்பிரிங்குகளுக்குப் பதில் கெட்டியான கால்களில் நிறுத்தி, மேலே 150 மி.மீ. கிடைத்தட்டு ஒன்றைப் பொருத்தி, மெல்லிய எமரித்தாள் ஒட்டி, உளிகளின் முதுகைச் சமன் செய்ய வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். 1350 சுற்றில் உளியின் பதம் சூட்டில் போய்விடாமல் இருக்க, தொட்டுத் தொட்டு எடுத்து, பக்கத்துத் தண்ணீர்ச் சட்டியில் நனைக்க வேண்டியிருக்கும். கிடைத்தட்டுக்கு வேண்டிய அலுமினியத் துண்டு, பெரிய தட்டை வெட்டியபோது மீந்த தகட்டிலிருந்தே கிடைத்துவிட்டது.